ஒரு வரியை நீக்க முழுத் தட்டையும் அழிப்பதா?

2025 நவம்பரில் ஒரு நாள் அதிகாலை, ரொறன்ரோவிலிருந்து என் தங்கையின் மகன் தொலைபேசியில் அழைத்தான். அங்கே அப்போது முன்னிரவு. நேரங்கெட்ட நேரத்தில் வெளிநாட்டு அழைப்பு வந்தால் என் வயதினருக்கு முதலில் நெஞ்சு திடுக்கிடும். நல்லகாலம், மரணச் செய்தி எதுவுமில்லை.

"மாமா, லினக்ஸ் வேண்டாம் எண்டு அழிச்சுப்போட்டன். இப்ப விண்டோசும் வருகுதில்லை. கறுப்புத் திரையில கிரப் எண்டு ஒரு சொல்லு மட்டும் நிக்குது" என்றான்.

அவனுடையது எட்டு வயதான மடிக்கணினி. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 அவனுடைய பழைய இயந்திரத்தை ஏற்க மறுத்துவிட்டது. உலகெங்கும் பலர் அந்த நாட்களில் செய்ததையே அவனும் செய்தான்; வன்தட்டில் ஒரு பகுதியை ஒதுக்கி உபுண்டு லினக்ஸை நிறுவினான். மூன்று கிழமை பாவித்தான். வேலைக்குத் தேவையான ஒரு மென்பொருள் அதில் ஓடவில்லை என்பதால் பழையபடி விண்டோஸுக்கே திரும்ப விரும்பினான். விண்டோஸில் இருந்தபடியே லினக்ஸ் இருந்த பகுதியை அழித்து, அந்த இடத்தைத் தன் சேமிப்புப் பகுதியுடன் சேர்த்துக்கொண்டு, கணினியை நிறுத்தி மீண்டும் போட்டிருக்கிறான். அவ்வளவுதான்.

அந்தக் கணினியில் காலஞ்சென்ற என் மைத்துனரின் படங்களும், நோயில் கிடந்த கடைசி மாதங்களில் அவர் தம் ஊர்க் கதைகளைச் சொல்ல மகன் பதிவு செய்துவைத்த குரலும் இருந்தன. வேறு பிரதி இல்லை. அருகிலிருந்த கணினிக் கடைக்காரர் இயந்திரத்தைப் பார்க்காமலே, தொலைபேசியில், "போர்மட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும்" என்று தீர்ப்பளித்துவிட்டாராம். மறுநாள் காலை கொண்டுபோய்க் கொடுப்பதாக இருந்தான்.

கொடுக்காதே என்றேன். அடுத்த இரண்டு மணித்தியாலங்களும் தொலைபேசியிலேயே கழிந்தன.

ஓய்வுபெற்ற பத்திரிகைக்காரனுக்குக் கணினியில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நான் கணினி படித்தவன் அல்லன். எங்கள் பத்திரிகையில் அதைக் 'கணனி' என்று எழுதுவதா 'கணினி' என்று எழுதுவதா என்று ஒப்புநோக்குநர்களுடன் வாதிட்டதுதான் இத்துறையில் எனக்குள்ள ஆரம்ப அனுபவம். ஆனால் கணினி தொடங்கும்போது தோன்றும் பட்டியலைப் பற்றியும், அதில் ஆளில்லாமல் எஞ்சி நிற்கும் ஒரு வரியைப் பற்றியும் எனக்குச் சற்று அதிகமாகவே தெரியும். அந்த அறிவுக்கு நான் கொடுத்த விலை பெரிது.

2003இல் வாங்கிய என் முதற் கணினியில் விண்டோஸ் எக்ஸ்பி இருந்தது. பேஜ்மேக்கரும் பாமினி எழுத்துருவும் இருந்தன. இலங்கையில் அக்காலத்தில் தமிழில் எழுதியவர்களுக்கு இவ்விரண்டும் பேனையும் மையும் போன்றவை. 2010இல் என் நண்பர் ஒருவர் வற்புறுத்தியதால் அதே கணினியின் இரண்டாவது பகுதியில் விண்டோஸ் 7ஐயும் நிறுவினோம். எக்ஸ்பியை விட மனம் வரவில்லை. பேஜ்மேக்கர் 2001இல் வந்த ஏழாம் பதிப்புடன் நின்றுபோன மென்பொருள். புதிய விண்டோஸில் அதற்கு உத்தரவாதம் இல்லை.

அன்றிலிருந்து கணினியைப் போடும் ஒவ்வொரு தடவையும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் இரண்டு வரிகள் தோன்றும். ஒன்று விண்டோஸ் 7. மற்றது, ஆங்கிலத்தில், 'விண்டோஸின் முந்தைய பதிப்பு'. எக்ஸ்பி என்று பெயர்கூடச் சொல்வதில்லை! பெயரிழந்து 'முந்தையவர்' ஆகிவிட்ட அதைப் பார்க்கும்போது ஓய்வுபெற்ற ஆசிரியர்களைப் பற்றிய நினைவு எனக்கு வரும். எதையும் தெரிவு செய்யாவிட்டால் முப்பது விநாடி காத்திருந்து தானாகவே விண்டோஸ் 7க்குள் போகும். நாளுக்கு ஒரு தடவை போட்டாலும் ஆண்டுக்கு மூன்று மணித்தியாலம் அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு நாள் கணக்குப் பார்த்தேன். ஓராண்டின் பின், எக்ஸ்பிக்குள் போவதே அரிதாகிவிட்ட நிலையில், அந்த வரியை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

வெள்ளவத்தையில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடையின் பெயர் வேண்டாம்; அந்த இளைஞர் கெட்டவரும் அல்லர். "இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடுங்கோ, தம்பி" என்று தெளிவாகச் சொன்னேன்.

"ஐயா, ஒண்டும் யோசிக்காதேங்கோ. பின்னேரம் வாங்கோ" என்றார்.

பின்னேரம் போனபோது வரி இல்லை. என் கோப்புகளும் இல்லை. எக்ஸ்பி வேண்டாம் என்றால் எக்ஸ்பி இருந்த பகுதியை அழிப்பதுதான் முறை என்று அவர் நினைத்திருக்கிறார். அதை அழித்ததும் விண்டோஸ் 7உம் எழும்பவில்லை. ஆகவே முழுத் தட்டையும் அழித்துப் புதிதாக நிறுவி, "இப்ப நல்ல வேகம், ஐயா" என்று சிரித்த முகத்துடன் கையில் தந்தார்.

அச்சில் வந்த கட்டுரைகள் போனதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பழைய பத்திரிகைத் தொகுப்புகளில் தேடினால் அவை கிடைக்கும். அச்சில் வராதவைதான் போயின. 2006 முதல் 2009 வரை கொழும்பில் தமிழ்ப் பத்திரிகையில் வேலை செய்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்பது விளங்கும். அப்போது எழுத முடியாததை, என்றாவது எழுதலாம் என்று குறித்துவைத்திருந்தேன். யார் என்ன சொன்னார், எந்த நாள், எந்த இடம் என்ற விவரங்கள் அவை. அவற்றைச் சொன்னவர்களில் சிலர் இப்போது இல்லை. நினைவிலிருந்து பிறகு எழுதிப் பார்த்தேன். நினைவிலிருந்து எழுதியது சாட்சியம் ஆகாது என்பது ஐம்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்தவனுக்குத் தெரியாததல்ல.

பிரதி எடுத்துவைக்காதது என் பிழை, அதை மறைக்கவில்லை. ஆனாலும் ஒரு வரியை நீக்கச் சொன்னால் முழுத் தட்டையும் அழிக்கும் பழக்கம் எப்படி ஒரு தொழிலின் நடைமுறை ஆயிற்று என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விட்டுப் போகவில்லை. அந்தக் கோபத்தில்தான் இந்த விடயத்தைக் கற்கத் தொடங்கினேன்.

கற்றதை எங்கள் தொழிலின் பாஷையிலேயே சொல்கிறேன். பத்திரிகையின் முதற் பக்கத்தில் ஒரு செய்தியைத் தொடங்கி, இடம் போதாமல், 'எட்டாம் பக்கம் பார்க்க' என்று அடியில் போடுவோம். சில இரவுகளில், பத்திரிகை அச்சுக்குப் போகும் தறுவாயில், எட்டாம் பக்கத்தில் ஒரு விளம்பரம் வந்து விழும். செய்தியின் தொடர்ச்சியைத் தூக்கிவிடுவோம். அவசரத்தில் முதற் பக்கத்து வரி மட்டும் அப்படியே நின்றுவிடும். மறுநாள் காலை வாசகர் எட்டாம் பக்கத்தைத் திருப்பினால் அங்கே ஒரு சீமெந்து விளம்பரம் இருக்கும். பிறகென்ன, அலுவலகத் தொலைபேசி ஓயாது.

கணினி தொடங்கும்போது வரும் பட்டியலும் அத்தகைய வரிகளின் தொகுப்பே. அதில் உள்ள ஒவ்வொரு பெயரும் 'இன்ன தட்டில், இன்ன பகுதியில், இன்ன கோப்பைப் பார்க்க' என்ற குறிப்பு மட்டுமே. இயங்குதளம் வேறோர் இடத்தில் கிடக்கிறது. இயங்குதளத்தை அழித்தால் குறிப்பு தானாகப் போகாது. குறிப்பை அழித்தால் இயங்குதளமும் அதில் உள்ள கோப்புகளும் ஒன்றும் ஆகா. இந்த ஒரு வேறுபாடு விளங்கிவிட்டால் பயத்தில் முக்காற்பங்கு போய்விடும்.

அப்படியானால் அந்த இளைஞர் எக்ஸ்பியை அழித்தபோது விண்டோஸ் 7 ஏன் விழுந்தது? இங்கேதான் விடயம் சுவையானது. இரண்டாவதாக வரும் விண்டோஸ், தன்னைத் தொடக்கிவைக்கும் சிறிய கோப்புகளைத் தன் சொந்தப் பகுதியில் வைப்பதில்லை. அக்காலத்துக் கணினிகளில் எந்தப் பகுதி 'செயற்படு பகுதி' என்று குறிக்கப்பட்டிருந்ததோ, அங்கேயே வைத்தது. என் கணினியில் அது எக்ஸ்பியின் வீடு. மகன் தனிவீடு கட்டிப் போனாலும் வாசற் திறப்பைத் தகப்பன் வீட்டுச் சட்டத்தில் கொழுவி வைத்திருந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தகப்பன் வீட்டை இடித்தபோது திறப்பும் போயிற்று. மகனின் வீடு ஒரு கல்லும் அசையாமல் அப்படியே நின்றது. உள்ளே போகத்தான் வழியில்லை. நிறுவல் இறுவட்டைப் போட்டுத் தொடக்கப் பழுதுபார்ப்பை இரண்டு மூன்று தடவை ஓடவிட்டிருந்தால் புதிய திறப்பு ஒன்று செய்திருக்கலாம். வீட்டையும் இடிக்கத் தேவையே இருக்கவில்லை.

விண்டோஸுக்கு உள்ளிருந்து அந்தப் பகுதியை அழிக்க முயன்றிருந்தால் விண்டோஸே மறுத்திருக்கும். தட்டுகளைக் காட்டும் திரையில் அந்தப் பகுதியின் மேல் 'சிஸ்டம்' என்று எழுதியிருக்கும். அவர் தம்முடைய இறுவட்டிலிருந்து கணினியைத் தொடக்கி அழித்தார். அங்கே தடுக்க ஒருவரும் இல்லை.

இந்தச் சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மைக்ரோசொப்டின் வழக்கில், தொடக்கக் கோப்புகள் உள்ள பகுதிக்குப் பெயர் 'சிஸ்டம்'. இயங்குதளம் உள்ள பகுதிக்குப் பெயர் 'பூட்', அதாவது தொடக்கம். தலைகீழ்! மாப்பிள்ளைக்குப் பெண்ணின் பெயரையும் பெண்ணுக்கு மாப்பிள்ளையின் பெயரையும் வைத்து அழைப்பிதழ் அச்சடித்தது போன்ற வேலை. எங்கள் பத்திரிகையில் ஓர் உதவி ஆசிரியர் இப்படி எழுதியிருந்தால் அன்றிரவே கூப்பிட்டுக் கேட்டிருப்போம். ஒரு பெரிய நிறுவனம் பல ஆண்டுகளாக இதை அப்படியே வைத்திருக்கிறது.

அதைவிட எனக்கு ஆத்திரமூட்டும் மாற்றம் ஒன்று உண்டு. எக்ஸ்பி காலம் வரை இந்தப் பட்டியல் 'பூட் டொட் ஐனி' என்ற சிறிய கோப்பில் இருந்தது. மறைத்து வைக்கப்பட்டிருக்கும், ஆனாலும் திறந்தால் சாதாரண எழுத்துகள். நோட்பேட்டில் வாசிக்கலாம். எத்தனை விநாடி காத்திருப்பது, எது முதலில், எந்தத் தட்டு, எந்தப் பகுதி எல்லாம் வரிவரியாகக் கிடக்கும். வேண்டாத வரியைத் துடைத்துவிட்டுச் சேமித்தால் காரியம் முடிந்தது. விஸ்ராவிலிருந்து அதை மாற்றிவிட்டார்கள். பட்டியல் இப்போது ஒரு பூட்டிய பெட்டகத்தில் இருக்கிறது. நோட்பேட்டில் திறந்தால் குப்பையாகத் தெரியும். தனிக் கருவியும் தனிக் கட்டளைகளும் வேண்டும். புதிய வகைக் கணினிகளுக்கு அது தேவைப்பட்டது என்று விளக்கம் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆயினும் வீட்டுக்காரன் தன் வீட்டு வாசலில் எழுதியிருப்பதைத் தானே வாசிக்க முடியாத நிலை வந்தபின்தான், எதற்கெடுத்தாலும் கடைக்கு ஓடுவதும், கடைக்காரர் எதற்கெடுத்தாலும் அழிப்பதும் பெருகின என்பது என் எண்ணம்.

என் கணினியில் அன்று செய்திருக்க வேண்டியது என்ன தெரியுமா? நிர்வாகி உரிமையுடன் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, 'பிசிடி எடிட்' என்ற கருவியால் முதலில் பட்டியலின் பிரதி ஒன்றை ஒரு கோப்பாக வெளியே எடுத்துவைத்து, பிறகு பழைய பதிப்புக்கான குறிப்பை நீக்கும்படி ஒரு கட்டளை. மொத்தம் ஐந்து நிமிடம். பழைய பதிப்புக்கான குறிப்பு விண்டோஸின் சொந்தக் குறிப்புகளில் ஒன்று என்பதால், நீக்கத்தான் வேண்டும் என்று அதே கட்டளையில் ஓர் எழுத்தைச் சேர்த்து வற்புறுத்த வேண்டியிருக்கும். அவ்வளவே. எக்ஸ்பி தன் இடத்தில், என் குறிப்புகளுடன், தூங்கிக்கொண்டிருந்திருக்கும். விண்டோஸ் 7இலிருந்து அவற்றைச் சாதாரணக் கோப்புகளாகத் திறந்திருக்கலாம். பாமினியில் எழுதியவை சுரதாவின் எழுத்துரு மாற்றியில் போட்டால் ஒரு நொடியில் யுனிகோட் ஆகியிருக்கும்.

இரண்டு விண்டோஸ்களும் விஸ்ராவுக்குப் பிற்பட்டவையாக இருந்தால் கட்டளைகூட வேண்டாம். 'எம்எஸ் கொன்பிக்' என்று தட்டச்சிட்டால் வரும் பெட்டியில் 'பூட்' என்ற பக்கத்துக்குப் போய், வேண்டாத பெயரைத் தெரிவு செய்து, நீக்கு என்ற பொத்தானை அழுத்தினால் போதும். இப்போது ஓடிக்கொண்டிருப்பது எது என்று அந்தப் பட்டியலிலேயே எழுதியிருக்கும். அதைத் தொடாமல் இருந்தால் சரி. விண்டோஸை அழித்து லினக்ஸை மட்டும் வைத்துக்கொண்டவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். கிரப் பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளை ஒன்றை ஓடவிட்டால் அது தானே தட்டைச் சுற்றிப் பார்த்து, இல்லாதவரின் பெயரை நீக்கிவிட்டுப் புதிதாக எழுதிக்கொள்ளும்.

சிக்கல் பெரும்பாலும் என் மருமகனுக்கு நேர்ந்த வகையில்தான் வருகிறது. விண்டோஸ் 8 வந்த 2012ஐ அண்டிய காலத்திலிருந்து வரும் கணினிகளில் பட்டியல் ஒன்றல்ல. விண்டோஸிடம் ஒன்று இருக்கிறது. லினக்ஸின் கிரப்பிடம் ஒன்று இருக்கிறது. இவற்றுக்கு மேலாக, தாய்ப்பலகையே தன் சொந்த நினைவகத்தில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. தட்டில் நூறு மெகாபைட் அளவான சிறிய பகுதி ஒன்று ஒதுக்கப்பட்டு, ஒவ்வோர் இயங்குதளமும் தன் தொடக்கக் கோப்புகளை அங்கே தனித்தனிக் கோப்புறையில் வைக்கிறது. தாய்ப்பலகையின் பட்டியல் அந்தக் கோப்புறைகளைச் சுட்டுகிறது. உபுண்டு நிறுவப்படும்போது தன் பெயரை அந்தப் பட்டியலில் முதலாவதாகப் போட்டுக்கொள்ளும். பிற்பாடு உபுண்டுவின் பெரிய பகுதியை நாம் அழித்தாலும் சிறிய பகுதியில் உள்ள கோப்புறையும், தாய்ப்பலகையில் உள்ள பெயரும் அப்படியே நிற்கும். கணினி முதலாம் பெயரைப் பார்த்துக் கிரப்பை எழுப்பும். கிரப் எழுந்து தன் மற்றப் பாகத்தைத் தேடும். அது இல்லை. ஆகவே தன் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டு, கட்டளைக்காகக் காத்து நிற்கும். எட்டாம் பக்கத்தில் சீமெந்து விளம்பரம்!

இத்தகையவர்கள் விண்டோஸின் 'பூட்' பக்கத்தில் தேடிப் பார்த்துவிட்டு, "உபுண்டு என்ற பெயரே இங்கு இல்லையே" என்று குழம்புவார்கள். அது விண்டோஸின் பட்டியல், அங்கே இராது. எந்தப் பட்டியலில் நிற்கும் வரி என்று முதலில் அறியாமல் கையை வைக்கக் கூடாது.

லினக்ஸ் அன்பர்கள் கோபிக்கக் கூடாது; அவர்களிடமும் எனக்கு ஒரு முறைப்பாடு உண்டு. நிறுவும்போது அவ்வளவு அழகாக வழிகாட்டும் அவர்களுடைய மென்பொருள், விடைபெறும்போது தன் பெயரைத் தானே அழித்துவிட்டுப் போக ஒரு பொத்தான் தருவதில்லை. ஒரு காலத்தில் தந்தார்கள். 2008 ஏப்ரலில் வந்த உபுண்டு 8.04 பதிப்புடன் 'வூபி' என்ற கருவி வந்தது. விண்டோஸுக்குள் ஒரு சாதாரண மென்பொருளைப் போல உபுண்டுவை நிறுவலாம். வேண்டாமென்றால் மற்ற மென்பொருள்களை நீக்கும் அதே இடத்தில் நீக்கலாம். பட்டியலில் போட்ட வரியும் அதனுடன் போய்விடும். சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டார்கள். தொழில்நுட்பக் காரணங்கள் உண்டு. ஆயினும் விருந்துக்கு வந்தவர் தன் செருப்பையும் எடுத்துக்கொண்டு போகும் நாகரிகம் அந்த ஒரு கருவியில்தான் இருந்தது. விண்டோஸோ இதைவிட மோசம். பழைய கணினிகளில் லினக்ஸ் இருந்த தட்டில் விண்டோஸை நிறுவினால், முதல் 512 பைட்டுகளில் இருந்த கிரப்பின் தொடக்க நிரலை ஒரு வார்த்தை கேட்காமல் மேலெழுதிவிடும். இரு தரப்பாரும் கணினி தங்களுக்கே உரியது என்று நினைக்கிறார்கள். வாங்கியவன் ஒருவன் இருக்கிறான் என்பது இருவர் நினைவிலும் இல்லை.

கடைக்காரர்களின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். அழித்து நிறுவுவது நிச்சயமான வேலை. ஒன்றரை மணித்தியாலத்தில் முடியும். முடிவு முன்பே தெரியும். எங்கே கோளாறு என்று தேடினால் ஐந்து நிமிடமும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டால், "இதுக்கு ஆயிரம் ரூபாவா?" என்று நாமே பேரம் பேசுவோம். அறிவுக்குக் காசு கொடுக்க மனமில்லாமல் நேரத்துக்குக் கொடுக்கிறோம். இது எங்களுடைய குறை. ஆனால் ஒரு மருத்துவர் கேட்பது போல, "உள்ளே முக்கியமானது ஏதும் இருக்கிறதா, பிரதி உண்டா?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு அழிக்கலாமே. அந்த வெள்ளவத்தை இளைஞர் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். ரொறன்ரோக் கடைக்காரரும் கேட்கவில்லை.

இனி மருமகனின் கதை. கணினியை நிறுத்தி, மீண்டும் போட்டவுடன் எப் 12 விசையைத் தட்டச் சொன்னேன். சில தயாரிப்புகளில் எப் 9, சிலவற்றில் எஸ்கேப். மூன்றாவது முயற்சியில் தாய்ப்பலகையின் பட்டியல் வந்தது. இரண்டு பெயர்கள்: உபுண்டு, விண்டோஸ் பூட் மனேஜர். இரண்டாவதைத் தெரிவு செய்யச் சொன்னேன். சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு விண்டோஸ் எழும்பும் ஓசை தொலைபேசியில் எனக்கும் கேட்டது. மருமகன் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

வேறொன்றையும் தொடுவதற்கு முன், தகப்பனாரின் கோப்புறை முழுவதையும் வெளித்தட்டு ஒன்றுக்குப் பிரதி எடுக்க வைத்தேன். அதற்கே நாற்பது நிமிடம் போயிற்று. அடுத்து, தட்டு மறைகுறியாக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். இது முக்கியம். பிட்லொக்கர் பூட்டு போட்ட கணினியில் தொடக்க ஒழுங்கை மாற்றினால், அடுத்த தடவை 48 இலக்க மீட்புத் திறவெண்ணைக் கேட்கக் கூடும். அது கையில் இல்லையென்றால் உள்ளே போக வழியே இல்லை. அவனுடைய பழைய இயந்திரத்தில் அந்தப் பூட்டு இல்லை.

அதன்பின் பிசிடி எடிட்டில் தாய்ப்பலகைப் பட்டியலைக் காட்டும் கட்டளையைக் கொடுத்தான். உபுண்டு என்ற பெயரின் மேலே நீண்ட அடையாள எண் ஒன்று இருந்தது. அதை வாசித்துக் காட்டச் சொன்னேன்; நான் காகிதத்தில் எழுதித் திருப்பி வாசித்தேன். பத்திரிகைத் தொழிலில் இறந்தவரின் பெயரை இப்படித்தான் இரண்டு பேர் சரிபார்ப்போம். ஒத்து வந்தது. நீக்கினான். பிறகு அந்தச் சிறிய பகுதிக்குத் தற்காலிகமாக ஓர் எழுத்தைக் கொடுத்துத் திறந்து, உபுண்டு என்ற கோப்புறையை மட்டும் அழித்தான். அது இருக்கும்வரை சில தாய்ப்பலகைகள் அந்தப் பெயரை மீண்டும் சேர்த்துக்கொள்ளும். பக்கத்திலேயே மைக்ரோசொப்ட் என்ற கோப்புறை இருந்தது. "இதையும் எடுக்கவோ மாமா?" என்று பகிடிக்குக் கேட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கணினியை நிறுத்தி மீண்டும் போட்டான். நேரே விண்டோஸ் வந்தது.

அன்று மாலை வட்ஸ்அப்பில் குரற்பதிவு ஒன்றை அனுப்பியிருந்தான். நான்கு நிமிடம். என் மைத்துனர் தம் சிறுவயதில் பார்த்த கோயில் திருவிழா ஒன்றைச் சொல்கிறார், இடையில் இருமுகிறார், தண்ணீர் கேட்கிறார். இரண்டு தடவை கேட்டுவிட்டு மருமகனை அழைத்தேன். வெளித்தட்டும் அதே வீட்டில்தானே இருக்கிறது, இன்னொரு பிரதி எடுத்துத் தமக்கை வீட்டில் கொடுத்துவைத்தாயா என்று கேட்டேன்.

"நாளைக்கு, மாமா" என்றான்.